அடிக்காத வரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. நீ வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூலுக்குப் பல தடவை போன் செய்துவிட்டேன். எடுக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் "சார் வண்டியில இருக்காரு" என்கிறாள். நீ வண்டியை விட்டு இறங்குவதே இல்லையா, அல்லது அங்கேயே படுத்துக்கொள்கிறாயா?

இத்துடன் ஒரு பல்லவி. படத்தில் அண்ணனும் தங்கையும் பிரிகிற காட்சி. மாஸ்டர் போட்ட மெட்டு கேசட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வழக்கம்போல் மறுபக்கத்தில் நீ பாடி அனுப்பு. ஸ்டூடியோவில் யார் பாடினாலும் என் வரி எனக்குக் காதில் விழுவதில்லை. நீ பாடினால்தான் எந்தச் சொல் சோற்றில் கல் என்று தெரிகிறது. உன் தொண்டையைத் தாண்டாத எதையும் நான் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை.

"நினைவுகள் நதியென ஓடும்
நெஞ்சமோ கரையினைத் தேடும்"

படித்ததும் உனக்கு வாந்தி வரும். எனக்கும் வந்தது. எழுதியதெல்லாம் குப்பை, இது குப்பையிலேயே கொஞ்சம் சுத்தமான குப்பை. பத்து வருடமாகப் பாட்டு எழுதுகிறவள் என்று வெளியே சொல்லவே கூசுகிறது. மாஸ்டர் என்னைக் "கவிஞரே" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

சீக்கிரம் அனுப்பு. மாஸ்டர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலம். அவளும் நலம்.

கடிதமும் கேசட்டும் வந்தன. இப்போது பாட முடியாது. வேலை அதிகம். கல்லூரிப் பையன்கள் எல்லோரும் லைசென்ஸ் எடுக்க வந்து நிற்கிறார்கள்.

வரிகளில் குறை எதுவும் தெரியவில்லை. வேறு யாரையாவது பாடச் சொல்.

தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

"குறை எதுவும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருந்திருந்தால் நீ அப்படி எழுதமாட்டாய். நன்றாக இருந்தால் "இரண்டாவது வரியில் மூச்சு எங்கே விடுவது, உன் வீட்டிலா?" என்று சண்டைக்கு வருவாய். குறை சொல்லக்கூட லாயக்கில்லாத பாட்டுக்குத்தான் குறை தெரியாது. வேலை அதிகம் என்கிறாய். அப்பா இறந்து காரியம் முடிந்த வாரத்தில்கூட எனக்காக ஒரு சரணம் பாடி அனுப்பியவன் நீ. அப்போது இல்லாத வேலை இப்போது எங்கிருந்து வந்தது? பாடப் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல உனக்கு நா எழவில்லை.

ஆனாலும் புரிந்துகொண்டேன். கடிதம் வந்த அன்றே தாளை எடுத்து ஒரே கோடாக அடித்துவிட்டேன். மறுநாள் மாஸ்டரின் அறைக்குப் போய், இந்தப் பாட்டு என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் ஆர்மோனியத்தை மூடினார். "கவிஞரே, மத்தவங்க எழுதிட்டு அடிப்பாங்க. நீங்க அடிச்சிட்டு எழுதறீங்க. எனக்கு வயசாகுது" என்றார். இப்போது ஒரு புதுப் பையன் அந்தப் பாட்டை எழுதுகிறான். நன்றாகத்தான் எழுதுவான். என்னைவிட மோசமாக எழுத யாராலும் முடியாது என்பதால் எனக்கு அதில் கவலையில்லை.

உனக்கும் ஒரு தொல்லை விட்டது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நலம்தான். எழுத வேண்டுமே என்று எழுதிவிட்டேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை.

பாட முடியாது என்று ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைக் கொன்றுவிட்டு, கொலையை என் தலையில் கட்டுகிறாய். நீ உன்னைத் திட்டிக்கொள்வது உன்னோடு முடிகிற விஷயம் என்று நினைக்கிறாய். முடிவதில்லை. நீ "குப்பை" என்றால் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று "ஐயோ, இல்லவே இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொய் என்பாய். சொல்லாவிட்டால் தீர்ப்பு என்பாய். என் கல்யாணத்தன்று மேடைக்கே வராமல், சமையல்கட்டில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, வாழ்த்துப் பாட்டில் ஒரு சொல் சறுக்கிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தாய். என் மனைவி தாலி ஈரம் காய்வதற்குள் உன்னைச் சமாதானப்படுத்த வந்தாள். இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் உன் பாட்டைப் பாடியதெல்லாம் பிடித்துப்போய்ப் பாடியதுதான். அதை ஒரு தடவையாவது நம்பியிருக்கிறாயா? கேசட் வந்ததும் நீ எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: "உன் குரல் என் வரியைக் காப்பாற்றிவிட்டது." அதாவது நானும் பொய்யன், என் குரலும் பூச்சு.

இனிமேல் எதுவும் அனுப்பாதே. என்னால் உனக்கு உதவ முடியாது. அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சண்டைக்குத் தெம்பு வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். கடிதத்தில் ஒளிந்துகொண்டு பேசுவது உனக்குச் சௌகரியமாக இருக்கிறது. என் பாட்டு உனக்கு அலுத்துவிட்டது என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். வழி தெரியும்.

அக்கா


ஏப்ரல் 4

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

வீடு வந்து சேர்ந்தேன். சேர்ந்தது முதல் அந்த வாசலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது உன்னிடம் சொல்ல வேண்டிய வசவுகளை எல்லாம் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். மாடி ஏறும்போதுகூட ஒன்றைத் திருத்தினேன். நீ கதவைத் திறந்து "உள்ள வா, வாசல்ல நிக்காத" என்றாய். ஈரச் சாக்கைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். பின்னால் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். சளியா என்று கேட்டேன். நீ சட்டைக் காலரை இறக்கிக் காட்டினாய். கழுத்தின் குறுக்கே அந்தத் தையல் தழும்பு.

"கட்டி. நவம்பர்ல எடுத்தாங்க. கெட்ட கட்டி இல்லையாம். எடுக்கும்போது குரல் நரம்புல பட்டுடுச்சு" என்றாய். ஏதோ வண்டியின் சக்கரம் பஞ்சரானதைச் சொல்வது போலச் சொன்னாய்.

நவம்பர். ஜனவரியில் நான் "நீ பாடி அனுப்பு" என்று எழுதினேன். எழுதிய கையை வெட்டிப் போட்டால்கூடத் தகும். பிப்ரவரியில் இன்னொரு கடிதம். மார்ச்சில் சண்டைக்கே கிளம்பி வந்தேன். நான் எப்பேர்ப்பட்ட பிறவி என்று எனக்கே புரியவில்லை. அன்று சாயங்காலம் நீ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வார்த்தைக்குப் பதில் ஒரு மர ஸ்கேலால் முன்பலகையில் தட்டினாய். ஒரு தட்டு என்றால் பிரேக், இரண்டு என்றால் கியர் மாற்று. கற்றுக்கொள்ள வந்த பெண் நீ தட்டியபடி சரியாக ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். இரவு பகலாக உட்கார்ந்து எழுதினேன். இதில் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. உனக்காக.

"இசை மறந்த குழலே
என் உயிரின் நிழலே
நீ எரிந்ததென்ன அழலே"

மன்னிப்பாயா?

உன்
அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் பாட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

குழலே, நிழலே, அழலே. இயைபு கிடைத்துவிட்டது என்பதற்காக என்னைக் கொளுத்திவிட்டாய். நான் குழலும் இல்லை, எதையும் மறக்கவும் இல்லை. எல்லா மெட்டும் நினைவிருக்கிறது. அதுதான் கஷ்டமே. அதை நீ கேட்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்பதை நீ ஒரு மாதிரி எழுதியிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன். நான் காலரை இறக்கிக் காட்டியதும் நீ செருப்பு வைக்கிற பலகை மேல் உட்கார்ந்து அழுதாய். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். என் மனைவி உன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆபரேஷன் ஆனது எனக்கு. அந்த வீட்டில் அன்று நோயாளி நீ. சாப்பிட உட்காரும்போது பேச்சு முழுக்க "நான் ஒரு அக்காவா" என்பதாகவே இருந்தது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார், வேலை நிலைக்குமா, எதுவும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் நீ ஊருக்குப் போனபின் ஒன்று சொன்னாள்: "உங்க அக்காவுக்கு உங்க தொண்டையும் அவங்க எழுதின தப்பான வரி மாதிரிதான்."

ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாய். இதற்காகத்தான்.

நீ உன்னைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்து ஊரே பணிவு என்கிறது. எனக்கு அது பணிவாகத் தெரியவில்லை. உலகத்தில் எது கெட்டாலும் அதற்கு நீதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிற திமிர் அது. ஒரு டாக்டரின் கை சறுக்கியதில்கூட உனக்குப் பங்கு வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அடித்திருக்க வேண்டும். நல்லதை எல்லாம் அடித்துவிட்டு இதை வைத்திருக்கிறாய். அது பாட்டு இல்லை, மன்னிப்பு மனு. மனுவைப் பாட முடியாது.

என்னைப் பற்றி எழுதாதே. இனி நலமா என்றும் கேட்காதே.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்கக் கூடாது என்று உத்தரவு. விசாரிக்கவில்லை.

உன் கடிதம் வந்தபின் பல வாரங்கள் உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். வெட்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம்தான் முன்னால் நின்றது. பாத்திரம் தேய்க்கும்போது உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். பஸ்ஸில் உனக்குப் பதில் சொன்னபோது பக்கத்திலிருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். திமிர் என்று எழுதினாயே, அந்தச் சொல் ஒரு முள் மாதிரி. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்க எவ்வளவோ பார்த்தேன். நிரூபணம் கிடைக்காததால்தான் இவ்வளவு நாள் பதில் இல்லை.

இதற்கிடையில் மாஸ்டர் ஆள் அனுப்பினார். அந்தப் புதுப் பையன் வேறு படத்துக்குப் போய்விட்டானாம். இன்னொரு காட்சி பாக்கி. உடன்பிறந்த இரண்டு பேர் வீட்டைப் பாதியாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். "சண்டை, கவிஞரே. யாரும் அழக் கூடாது. அழுதா நான் எழுந்து போயிடுவேன்" என்றார்.

சமையல் மேடையில் வைத்தே எழுதினேன். உன்னைத் திட்டி எழுத ஆரம்பித்ததுதான். வழக்கமாக நான் முதல் சொல்லை எழுதியதுமே எனக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்து "இதுவும் ஒரு சொல்லா" என்பாள். அவள் சொன்னதும் என் கை தானாகக் கோடு போட்டுவிடும். அன்றும் வந்தாள். நான் உன்னோடு மும்முரமாகச் சண்டையில் இருந்ததால் அவளைக் கவனிக்க நேரமில்லை. அப்புறம் வா என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பி வரும்போது நாலு வரி ஆகியிருந்தது.

"சுவரு நடுவுல நிக்குது, நீ
சொன்னது இன்னும் குத்துது
கதவ நீதான் சாத்துன, என்
விரலு நடுவுல இருக்குது"

நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. பாடச் சொல்லியும் அனுப்பவில்லை. நீ திட்டியதில் பிறந்தது, அதனால் உனக்கு ஒரு பிரதி. கேசட்டில் மெட்டு இருக்கிறது, தாளம் வேகமாகப் போகும். வேண்டாமென்றால் உன் மாணவர்கள் தூங்கும்போது போட்டு எழுப்பு.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

நான் நலம் இல்லை. நீ கேட்காததால் சொல்கிறேன்.

முழுங்கும்போது இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம், அதற்குள் தானாகத் திரும்பினால் திரும்பியதுதான் என்கிறார் டாக்டர். ஸ்கூல் முதலாளி தங்கமான மனுஷன், ஆனால் ரோட்டில் ஆபத்து என்றால் ஸ்கேலால் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்கிறார். உள்ளே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும் வேலை தருகிறாராம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாட்டு வந்தது. பீரோவில் வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன். ஸ்கூல் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாடிப் பார்த்தேன். என்னிடம் இப்போது நாலு சுரம்தான் இருக்கிறது, அதிலும் ஒன்று காலையில் வராது. இந்த மெட்டு ஓர் இடம் தவிர அந்த நாலுக்குள்ளேயே ஓடுகிறது. இது மாஸ்டர் செய்ததா, நீ கேட்டு வாங்கியதா? நீ கேட்டு வாங்கியது என்றால் சொல்லாதே.

இனி குறைகள். நிறைய இருக்கின்றன.

ஒன்று, "நடுவுல" இரண்டு தடவை வருகிறது. நாலு வரிக்குள் ஒரே சொல்லை இரண்டு தடவை போடுகிறவள் பத்து வருடமாக என்ன எழுதினாள்? இரண்டு, அந்த "விரலு". எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடைசியில் கதவிடுக்கில் மாட்டிவிட்டிருக்கிறாய். இரண்டு பேர் ஜென்மப் பகையோடு நிற்கிறார்கள், நீ விரல் என்கிறாய். தியேட்டரில் சிரிப்பார்கள். பாடும்போதும் அந்த இடத்தில் மெட்டு அடிமட்டத்துக்கு இறங்குகிறது, என் குரல் அங்கே நின்றே போகிறது, வெறும் காற்றுதான் வருகிறது. "மனசு" என்று போடு. "மனசு நடுவுல இருக்குது." பாடவும் சுலபம், கேட்கிறவனுக்கும் புரியும்.

எப்படியும் நீ இதை அடிக்கத்தான் போகிறாய். அதற்குமுன் நான் சொல்லிவிட்டேன்.

கேசட் இத்துடன். என் மனைவி மட்டும் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

நீ நலம் இல்லை என்று படித்தேன். அதற்கு நான் காரணம் இல்லை. இதை எழுதி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கூட வர ஆள் வேண்டும் என்றால் எழுது, வருகிறேன். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விண்ணப்பம் நிரப்புகிற வேலையை எடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது உன் வயிறு, உன் முடிவு. மெட்டை நான் கேட்டு வாங்கவில்லை. மாஸ்டருக்குச் சண்டைப் பாட்டு என்றால் அவ்வளவு சுரம்தான் வரும்.

"நடுவுல" இரண்டு தடவை வருவது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியைச் "சுவரு குறுக்க நிக்குது" என்று மாற்றிவிட்டேன். முன்னைவிட இப்போது சுவர் இன்னும் எரிச்சலாக நிற்கிறது. நீ சொல்லாவிட்டால் விட்டிருப்பேன்.

"விரலு" மாறாது.

நீ எழுதியதையேதான் மாஸ்டரும் சொன்னார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களோ என்னவோ. நேற்று அவர் அறையில் தயாரிப்பாளர் ஆள், வயலின்காரர், தபலாக்காரர் எல்லோரும் இருந்தார்கள். வரியைப் பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மனசுன்னு போட்டுடலாமா, கவிஞரே?"

"வேணாம், மாஸ்டர்."

"சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். கதவுல ஒருத்தன் விரல் மாட்டுனா பக்கத்துல இருக்கிறவன் முதல்ல சிரிப்பான். அப்புறம்தான் அது அவனுக்கு உறைக்கும்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். இத்தனை வருடப் பழக்கம். அவர் ஒரு தடவை முகத்தைச் சுளித்தால் போதும், நான் அந்த வரியை மட்டுமல்ல, முழுப் பாட்டையும் அடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அறையில் எல்லோருக்கும் அது தெரியும். தபலாக்காரர் ஏற்கனவே தபலாவை உறைக்குள் போட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குள் இருக்கிறவளும் வந்தாள். "இதுவும் ஒரு சொல்லா" என்று கேட்டாள். ஆமாம், இது ஒரு சொல் என்றேன். மனசு எல்லோருக்கும் எல்லாப் பாட்டிலும் வலிக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் அப்படி இல்லை. அவள் திரும்பிப் போனாள். நான் பேனாவைத் தொடவில்லை. மாஸ்டர் ஆர்மோனியத்தை இழுத்து அந்த இடத்தில் தாளத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டு "விரலு" என்று பாடினார். யாரும் சிரிக்கவில்லை. தபலாக்காரர் மறுபடி உறையைக் கழற்றினார்.

உன் கேசட்டைக் கேட்டேன். இந்தத் தடவை உன் குரல் எதையும் காப்பாற்றவில்லை. காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. வரி தானாக நிற்கிறது, குரல் தானாக நிற்கிறது. ஆனால் நீ "விரலு" வருகிற இடத்தில் சொல்லைப் பிடித்து நிறுத்தாமல் பாடியிருக்கிறாய். குரல் போய்விடும் என்று பயந்து முன்கூட்டியே மென்று விழுங்கிவிட்டாய். அது பாட்டின் குறை இல்லை, உன் குறை. காற்றுதான் வருகிறது என்றால் காற்று வரட்டும். முழுசாக விடு.

மறுபடி பாடி அனுப்பு.

அது நல்ல சொல். நான் எழுதியது.

இப்படிக்கு,
அக்கா